படத்து வீட்டுக் கிரீடம்

வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கு இன்னும் உரிமை வரவில்லை. ஆனால் போன மாதம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டாள். வரிசையாகப் பதில் வந்து விழுந்தது. அந்தத் தைரியத்தில் நானும் பழையது பேச உட்கார்ந்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு, ஜூன் மாதம், கம்பப் பண்டிகை. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் வேடிக்கை பார்த்தீர்கள்; நான் வயிறு எரிந்துகொண்டு பார்த்தேன். வயிறு எரிகிறவளுக்குத்தான் எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கும்.

நம்மோடு படிக்காதவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களுக்கும் புரியட்டும். ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகும் சாலையில் இருந்தது நம் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் சுவீடன் தேசத்திலிருந்து வந்த சில அம்மாமார்கள், தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு விடுதி நடத்தினார்கள். விடுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தேவாலயம், அப்புறம் பள்ளிக்கூடம், சுற்றி மதில். எல்லாம் சேர்த்து ஊரில் அதற்குக் 'காம்பவுண்டு' என்று பெயர். அந்த அம்மாமார்களின் ஊரில் ஜூன் மாதம் நடுக்கோடைத் திருநாள் என்று ஒன்று உண்டு. வருஷத்திலேயே நீளமான பகல் வருகிற சமயத்தில், இலையும் பூவும் சுற்றிய ஒரு பெரிய கம்பத்தை நட்டு, பெண்கள் தலையில் பூக்கிரீடம் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஆடுவார்களாம். இங்கே வந்த பிறகும் அவர்கள் அதை விடவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் காம்பவுண்டுக்காரர்கள் அதை விடவில்லை.

நமக்குக் கிடைத்தது அந்தத் திருநாளின் ஆவடிப் பதிப்பு. சவுக்குக் கட்டைதான் கம்பம். மேலே குறுக்காக ஒரு கட்டை. அதன் இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் ரிம்மில் பூச்சுற்றித் தொங்கவிடுவார்கள். கம்பத்துக்கு மாவிலையும் நெட்டிலிங்க இலையும். வேப்பிலை மட்டும் கூடாது. ஒரு வருஷம் வேப்பிலை கட்டியதில், சாலையில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்களாம். மத்தி மீனை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். அதை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நாம் நின்ற நிற்பு! அவர்கள் ஊரில் கேக்கின் மேல் வைக்கிற ஸ்ட்ராபெரிக்குப் பதிலாக, நம் பேக்கரி கேக்கின் மேல் சிவப்புச் செர்ரி. கடைசியில் எல்லோரும் குந்திக்கொண்டு கம்பத்தைச் சுற்றித் தவளை மாதிரி தாவும் ஆட்டம். அதற்கான பாட்டு சுவீடன் மொழியில் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக நம் வாய்களில் அது தேய்ந்ததில், ஒரு சுவீடன்காரர் வந்து கேட்டிருந்தால் தமிழ்ப் பாட்டு என்றுதான் நினைத்திருப்பார்.

அந்தப் பண்டிகையோடு எனக்கு முதல் தகராறு மூன்றாம் வகுப்பிலேயே வந்தது. அன்றைக்கு அவர்கள் ஊரில் ராத்திரி வெகுநேரம் வரைக்கும் சூரியன் மறையாது என்று டீச்சர் சொன்னார். பண்டிகை இங்கேயும் நடக்கிறது என்றால் சூரியனும் இங்கே நிற்கத்தானே வேண்டும்? வீட்டுக்கு வந்து தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பள்ளிக்கூடம் போகிற பெண் சொல்கிறாள் என்று அவர்களும் நம்பி வந்தார்கள். சூரியன் வழக்கம்போல ஏரித் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

"இன்னா, உங்க இஸ்கூலு சூரியன் டபாய்ச்சிகினு போய்ட்டானா?" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பொறாமை அதிகமாக வந்தது. அந்தத் தேசத்தின் மேலேயே பொறாமை. சூரியன்கூட அவர்களுக்கு மட்டும் ஓவர்டைம் பார்க்கிறான்.

ஆறாம் வகுப்பில் இன்னொன்று. பண்டிகைக்கு முந்தின இரவு ஏழு வகைப் பூவைப் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால், கட்டிக்கொள்ளப் போகிறவன் கனவில் வருவான் என்று விடுதிப் பெண்கள் சொன்னார்கள். அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, கனகாம்பரம், தும்பை, எருக்கு, பூசணிப் பூ என்று நான் கஷ்டப்பட்டு ஏழு சேர்த்தேன். பூசணிப் பூவில் இருந்த எறும்பு ராத்திரியெல்லாம் என் காதைக் கடித்தது. கனவில் ஒரு பஸ் கண்டக்டர் வந்து, "சில்லறையா குடும்மா" என்றார். மறுநாள் வார்டன் மகள் தன் கனவில் குதிரை மேல் ஒருவன் வந்ததாகச் சொன்னாள். அவள் பொய்தான் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்தக் குதிரைக்காக நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

வார்டன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதி வார்டனம்மாவின் ஒரே பெண். என் வகுப்பு, என் பெஞ்சு. அவளைத்தான் நான் அந்த வருஷங்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், கரும்பலகையைப் பார்த்ததைவிட அதிகமாக. அவளுடைய பென்சில் டப்பாவின் மூடி காந்தத்தில் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். என்னுடையதற்கு ரப்பர் பேண்டு. அவளுடைய ரேங்க் கார்டில் அவள் அம்மா ஆங்கிலத்தில் சாய்வாகக் கையெழுத்துப் போடுவார், கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் நீண்டு கட்டத்துக்கு வெளியே போகும். அந்த வாலின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அவளுக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால் அம்மாவைக் கேட்பாள். எனக்கு வரவில்லை என்றால் எங்கள் வீட்டு டியூப் லைட்டைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் முதல் ரேங்க் நான்தான் வாங்கினேன். அவள் நான்காவது, ஐந்தாவது. அதுவே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் அவளுக்குப் படத்தில் ஆள் இருந்தது.

அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். காம்பவுண்டு ஹாலில், மேடைக்குப் பக்கத்துச் சுவரில். இரண்டு வெள்ளைக்கார அம்மாமார்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றிலும் எண்ணெய் வைத்து வகிடு எடுத்த பெண் பிள்ளைகள், வெறுங்காலோடு, பாவாடை தாவணியில். தலையில் எல்லோருக்கும் பூக்கிரீடம். காம்பவுண்டில் குடியிருந்த பழைய குடும்பங்கள் எல்லாம் அந்தப் பிள்ளைகளின் வழி வந்தவர்கள். அவர்களைப் 'படத்து வீட்டார்' என்பார்கள். கம்பப் பண்டிகையில் முதல் கிரீடம் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பெண் படத்து வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அது வழக்கம்.

"அதோ, ரெண்டாவது வரிசைல மூணாவது. எங்க பாட்டியோட அம்மா" என்று வார்டன் மகள் விரல் வைத்துக் காட்டுவாள். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கும்.

எங்கள் வீட்டிலும் படங்கள் இருந்தன. எல்லாம் சாமி படங்கள்.

அப்பாவை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அப்பா என்று வருகிறது. அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். வெள்ளானூரில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலம் பிளாட்டான பிறகு, ஆவடி ஸ்டேஷனுக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போவாள். இரண்டு பக்கமும் எத்தனை தலைமுறை தோண்டினாலும் ஒரு எழுத்துத் தெரிந்தவர் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இருந்ததில்லை. இப்போதும் இல்லை. என் வீட்டில் படிப்பு என்பது என்னில் தொடங்குகிறது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது அதுதான்.

அந்த ஜூனில் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்திருந்தார். பள்ளி திறந்த வாரத்திலேயே காலைக் கூட்டத்தில், "இந்த வருஷம் முதல் கிரீடம், போன வருஷம் முதல் ரேங்க் வாங்கின பிள்ளைக்கு" என்று அறிவித்துவிட்டார். நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அப்பா ஆட்டோவில் ஏறிய ஒவ்வொருவருக்கும் சேதி போய்விட்டது. கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்துச் சொல்வாராம். "எம் பொண்ணுக்குக் கிரீடம் வெக்கிறாங்கோ, தெரியும்ல? வெளிநாட்டுப் பண்டிக." ஒரு கிழவர், "அழகுப் போட்டியாப்பா?" என்று கேட்டதற்கு, "அறிவுப் போட்டி பெருசு" என்றாராம்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா. பெரியவங்க மனசு கஷ்டப்படுறாங்க. எனக்கு இந்த வழக்கம் தெரியாம சொல்லிட்டேன்."

"நானும் இங்கதானே படிக்கிறேன் மிஸ்?"

"ஆமாம்மா. ஆனா..."

கிரீடம் வார்டன் மகளுக்கு என்று முடிவாகியிருந்தது. பெஞ்சுக்குத் திரும்பியபோது அவள், "சாரிடி" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அவளிடம் எல்லாமே நிறைய இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா ஆட்டோவில் நெட்டிலிங்க இலை ஏற்றி வந்தார். கிரீடம் இல்லை என்று ஆனதும் அம்மா, "அங்க ஏன் போற, மானம் கெட்டவனே" என்றாள். ஆனால் அப்பா ஒப்புக்கொண்ட சவாரியைத் தட்டுகிற ஆள் இல்லை. இறக்கி வைக்க நானும் போனேன்.

ஹாலில் பூ மணம் மூச்சை அடைத்தது. தரையெல்லாம் சம்பங்கியும் சாமந்தியும். வார்டன் மகளும் விடுதிப் பெண்களும் கட்டுக்கம்பியை வளைத்து, வாழைநார் சுற்றி, கிரீடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சபை மூப்பர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சைக்கிள் ரிம்முக்குக் கனகாம்பரம் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காம்பவுண்டில் வயதில் பெரியவர். வழக்கத்தை மாற்றக் கூடாது என்று முதலில் எழுந்து பேசியவரும் அவர்தான் என்று எனக்குத் தெரியும். நான் அவரைப் பார்க்காமல் இலைக்கட்டைப் போட்டேன்.

அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுலதான் எல்லாரும் கீறாங்களா சார்?"

மூப்பர் உற்சாகமாக எழுந்து வந்தார். யாராவது படத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வேறு வேலை வேண்டாம். "இவங்க எங்கம்மா. இது வார்டனம்மாவோட பாட்டி. இவங்க வழிதான் நம்ம பாண்டு மாஸ்டர்..." விரல் ஒவ்வொரு முகமாகப் போய், ஓரத்தில் ஒரு ஒல்லிப் பெண்ணிடம் நின்றது. மூப்பரின் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிற பெண். "இந்தப் பிள்ளைதான் யாருன்னு தெரியல. எங்கம்மாவும் இதுவும் ஒரே பாயிலதான் படுப்பாங்களாம். வெள்ளானூர்ப் பக்கத்துப் பிள்ளை, யாரோ சொந்தக்காரங்க வந்து திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. கடைசி காலத்துல பேரும் மறந்துபோச்சு. அவ எங்க இருக்காளோன்னு கேட்டுக்கிட்டேதான் போனாங்க."

அப்பா படத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். தரையில் பாதி கட்டியிருந்த கிரீடத்தைப் பார்த்தார்.

"சார்... இது எங்க அத்த சார்."

மூப்பர் கையிலிருந்த நார் நழுவியது. "யாரு?"

"எங்க நைனா கூடப் பொறந்த அக்கா. வெள்ளக்காரம்மா ஊட்ல வளந்த பொண்ணுன்னு சொல்லிகினே இருப்பாரு. இந்தா, மூக்கப் பாருங்க. எம் பொண்ணு மூக்கு."

எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள்.

"பேரு? பேரு என்னப்பா?"

அப்பா ஒரு கணம் விட்டத்தைப் பார்த்தார். "லச்சுமி."

எனக்கு லச்சுமியை நன்றாகத் தெரியும். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மேய்ச்சலுக்கு இடம் இல்லாமல் விற்றுவிட்ட எங்கள் பசு. வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மூப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "லட்சுமி... லட்சுமி..." என்று சொல்லிப் பார்த்தார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா இல்லாமப் போயிட்டாங்களே" என்றார். தேவாலயப் போதகரைக் கூப்பிட்டார்கள், வார்டனம்மா வந்தார். காணாமல் போன பிள்ளையின் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இதே பள்ளியில் படிக்கிறாள் என்றால் அது ஆண்டவர் செயல் என்றார் போதகர். அப்புறம் என்ன? கிரீடம் எனக்கு என்று நின்ற இடத்திலேயே முடிவானது.

வார்டன் மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அவள் குனிந்து பூக்கட்டிக்கொண்டே இருந்துவிட்டாள்.

வீட்டில் அம்மா கேட்டுவிட்டுச் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லச்சுமியா? நம்ப மாடா?"

"வேற பேரு வாய்ல வர்ல."

"உனக்கு ஏதுய்யா அத்த? உங்கப்பன் ஒத்தப் புள்ள. நாளைக்கி மாட்டு பேர்ல ஜெபம் பண்ணுவாங்க, போய் முன்னாடி குந்திகினு கேளு."

"இன்னா பண்ணச் சொல்ற? வருசா வருசம் மொத ரேங்கு வாங்குறா. அத்த இருந்தாத்தான் வெப்பாங்களாம். சரி, இந்தா பிடின்னு ஒரு அத்தயக் குடுத்தேன்."

அம்மா சிரிக்கக் கூடாது என்று முயன்றாள். முடியவில்லை. மூன்று பேரும் சோறு புரையேறுகிற வரைக்கும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் மூப்பர் அழுத முகம் எனக்கு மறந்தே போனது.

மறுநாள் பள்ளி மைதானத்தில் கம்பத்தை நிறுத்திவிட்டார்கள். ராத்திரி லேசாகத் தூறியிருந்ததால் மண் மணமும் மாவிலை மணமும் கலந்து அடித்தன. போதகர் மனைவி என் தலையில் கிரீடத்தை வைத்தார். மல்லியும் பன்னீர் ரோஜாவும். நார் ஈரமாக இருந்தது. குளிர்ந்த தண்ணீர் ஒரு கோடாகக் கழுத்துக்குள் இறங்கியது. கம்பி முனை ஒன்று காதுக்குப் பின்னால் குத்தியது. எடுத்துவிடச் சொல்லவில்லை. குத்தட்டும் என்று இருந்தேன். வார்டன் மகளுக்கு இரண்டாவது கிரீடம், வெறும் சாமந்தி. அப்பாவையும் அம்மாவையும் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அம்மா கல்யாணப் புடவையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால் மூப்பர் மைக்கைப் பிடித்தார். ஹாலில் இருந்த படத்தை எடுத்து வந்து ஒரு மேசையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த ஒல்லிப் பெண்ணின் மேல் ஒரு ஒற்றை மல்லிச் சரம்.

"பல வருஷமா பேர் தெரியாம இருந்த நம்ம பிள்ளைக்கு நேத்துப் பேர் கெடைச்சது" என்று தொடங்கினார். அம்மா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மூப்பர் தன் தாயையும் அந்தப் பெண்ணையும் பற்றிச் சொன்னார். ஒரே பாய், ஒரே சிலேட்டு. விளக்கணைத்த பிறகு ஒருத்தி முதுகில் இன்னொருத்தி விரலால் எழுத்து எழுத, அதைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. கேட்கக் கேட்க எனக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அடுத்தது வந்தது.

"இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் படிக்குதுன்னு நாம ஆச்சரியப்பட்டோம். இப்பத்தானே தெரியுது. அது ரத்தத்துல வந்த படிப்பு. லட்சுமியம்மா இந்த மண்ணுல கத்துக்கிட்ட எழுத்து, இன்னைக்கு இந்தப் பிள்ளை கையில வந்து நிக்குது. அந்த வீட்டுல முதல்ல படிச்சவங்க நம்ம லட்சுமியம்மா!"

எல்லோரும் கை தட்டினீர்கள்.

டியூப் லைட்டின் கீழே நான் உட்கார்ந்த ராத்திரிகள், யாரையும் கேட்க முடியாமல் நானாகவே முட்டி மோதிப் போட்ட கணக்குகள் எல்லாவற்றையும் தூக்கி அந்தப் படத்தில் இருந்த பெண்ணின் மடியில் போட்டுவிட்டார்கள். இதுவரைக்கும் வார்டன் மகள் மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. யாரென்றே தெரியாத, எப்போதோ செத்துப்போன, எங்கள் மாட்டின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி மேல் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு பொறாமை, அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் யார் மேலும் அப்படி வந்ததில்லை. கிரீடம் தலையில் இருந்தது. அதைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. வைத்துக்கொண்டால் நான் இரண்டாவது. கழற்றினால் அப்பா பொய்யர். பன்னிரண்டு வயதில் இதற்கு என்ன செய்வது? சும்மா நின்றேன். முகம் மட்டும் கோணிக்கொண்டு போனது.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அல்லது பார்க்கவே தேவையில்லாமல், அந்த வார்த்தை அவருக்கே குத்தியதோ என்னவோ. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார், ஒரு நிமிசம்."

"வாங்க வாங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் மூப்பர், மைக்கை நீட்டி.

அப்பா மைக்கை வாங்கவில்லை. ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை; மைக் தேவைப்படவில்லை. "அது எங்க அத்த இல்ல சார். நான் பொய் சொல்ட்டேன். அது யாருன்னே எனக்குத் தெரியாது. லச்சுமின்றது எங்க மாடு."

யாரோ குபீர் என்று சிரித்தார்கள். பிறகு பலர்.

"சிரிச்சிக்கோங்க, பரவால்ல. ஆனா எங்க ஊட்ல மொத மொதல்ல படிச்சது எம் பொண்ணு. அவளுக்கு முன்னாடி எவனும் படிக்கல, எவளும் படிக்கல. எம் பேர எழுதவே அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. கிரீடத்த எடுத்துக்கோங்க சார். அத மட்டும் வேற யாருக்கும் தூக்கிக் குடுக்காதீங்க."

மேலே ரிம்மிலிருந்து ஒரு கனகாம்பரம் கழன்று விழுந்தது. அப்பா முன்னால் போய் மூப்பரின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். மூப்பர் கையை உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மேசையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பிள்ளை இன்னும் கெடைக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாக்கியம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. படத்து வீட்டார் கிரீடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது கர்வத்தால் என்று நான் நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். எங்களுக்குக் குலதெய்வம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் சண்டை போடப் பங்காளிகள் இருந்தார்கள். ஏரிக்கரையில் கையைக் காட்டி 'இது எங்க தாத்தா வெட்டின கால்வா' என்று சொல்ல ஒரு மண் இருந்தது. அவர்கள் யாரும் இல்லாமல் வந்து சேர்ந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். அந்த ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அதற்குள் போய் அப்பா ஒரு மாட்டைக் கட்டிவிட்டார், என் மேல் இருந்த ஆசையில். மூப்பர் அதற்குப் பிறகும் அப்பாவின் ஆட்டோவில் ஏறுவார். சேதி விசாரிப்பார். படத்தைப் பற்றி மட்டும் அப்பாவிடம் பேசியதே இல்லை.

ஆனால் அதெல்லாம் இப்போது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

யாரும் கேட்பதற்கு முன்னால் நானே கிரீடத்தைக் கழற்றினேன். தலையில் ஒரு ஈர வளையம் மிச்சம் இருந்தது. வார்டன் மகளிடம் நீட்டினேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்ததும் சாமந்தியைக் கழற்றிவிட்டு மல்லியை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது நன்றாக இருந்தது. என்னைவிட நன்றாக இருந்தது. அவள் காதுக்குப் பின்னாலும் அந்தக் கம்பி குத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாட்டு தொடங்கியது. பாண்டு மாஸ்டர் பாவம், என்ன நடந்தது என்று தெரியாதவர் மாதிரி வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார். எல்லோரும் குந்தினோம். அவள் முதல் ஆள் என்பதால் கம்பத்துக்கு அருகில். நான் வேண்டுமென்றே அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். இரண்டு சுற்றுப் போனோம். முதல் வரிசையில் அம்மா அப்பாவின் கையில் கிள்ளுவது தெரிந்தது. அவர் நேராக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் வார்டன் மகள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்க வீட்ல நெஜமாவே யாருமே படிக்கலையாடி?"

"யாருமே."

"உங்க நைனாவோட நைனா?"

"அவரும்தான்."

அவள் ஒரு தாவு தாவினாள். கிரீடம் கண்ணுக்கு மேல் சரிந்தது, தூக்கி விட்டுக்கொண்டாள். "எங்க வீட்ல நான் நாலாவது. நான் எது பண்ணாலும் அதை முன்னாடியே யாரோ பண்ணிட்டாங்க. நாலாவது ரேங்க் வாங்கினா, பாட்டி அந்தக் காலத்துலயே எப்படி எப்படின்னு ஆரம்பிச்சிடுவாங்க. உனக்கென்னடி, ஜாலி."

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷமாக என் தொண்டைக்குள் இருந்த குரல் அது. வேறு ஒருத்தி வாயிலிருந்து, அதுவும் என்னைப் பார்த்து அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஆமா, ஜாலிதான்" என்றேன்.

கிரீடம் இன்னும் அவள் தலையில்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக ஒரே தாவாகத் தாவி அவளுக்கு முன்னால் போய்விட்டேன்.